லிஃப்டில் தங்கிய வாசனை

மில்லில் அவளுக்குக் கிராம்பு என்று பெயர். குச்சி உடம்பு, அதன் உச்சியில் உருட்டி வைத்த கொண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கிராம்பே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று லேபிள் ஒட்டுகிற அக்கா ஒருநாள் சொல்லிவைக்க, அன்றிலிருந்து குமாஸ்தாகூட அவளுடைய நிஜப் பெயரை மறந்துபோனார். அவள் அதற்காக வருத்தப்படவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆளில்லாத ஒருத்திக்கு, ஏதோ ஒரு பெயரில் கூப்பிட நாலு பேர் இருப்பதே பெரிய விஷயம்.

தம்பியையும் தங்கையையும் கரையேற்றி நிமிர்ந்தபோது அவளுடைய நல்ல வயது போன இடம் தெரியவில்லை. மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் போடுகிற மில். அவளுக்குப் பொட்டலக் கூடத்தில் வேலை. அங்கே காற்றுக்கே ஒரு நிறம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் சில வாரங்கள் இருமுவார்கள், தும்முவார்கள், கண்ணீரும் மூக்குமாக நிற்பார்கள். பிறகு ஒருநாள் எல்லாம் அடங்கிவிடும். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. கிராம்பு, பட்டை, மிளகு, ஏலம் எதுவும் அதற்குப் பிறகு மூக்குக்கு எட்டாது. சோப்பு வாசனை வரும், மழை வாசனை வரும், பூ வாசனை வரும். மசாலா மட்டும் வராது. அதற்கு மில் மூக்கு என்று பெயர்.

"நாமல்லாம் மூக்கைக் கேட்லயே கழட்டி மாட்டிட்டுத்தான் உள்ள வர்றோம். சாயங்காலம் மறந்து விட்டுட்டுப் போயிடறோம்" என்பாள் லேபிள் அக்கா.

மூட்டை ஏற்றுகிற லிஃப்ட் ஒருமுறை மக்கர் செய்தபோது அதைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரே தும்மல். கையிலிருந்த ஸ்பானர் இரண்டு தரம் கீழே விழுந்தது. கிராம்பு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினாள்.

"மூக்கைக் கட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க சார். இல்லேன்னா லிஃப்டை முடிக்கிறதுக்குள்ள நீங்க முடிஞ்சிடுவீங்க."

லிஃப்ட் சரியான பிறகும் மெக்கானிக் வந்துகொண்டிருந்தார். லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, வேற ஏதாவது பாதியில நிக்குதா என்று லேபிள் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். ஆமாம், பாதியில்தான் நின்றிருந்தது. அவருடைய வாழ்க்கை. மனைவி நோயில் போய் இரண்டு வருடம். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். "என்னை விடுங்க, அது யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்லும்போது அந்த மனிதருக்குக் குரல் உடைந்தது. கிராம்புக்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு அவள் அந்த ஐந்தாவது மாடி வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக் படுக்கையறை பீரோவைத் திறந்துவிட்டார். இதில் இருக்கிறதெல்லாம் உனக்குத்தான், வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். ஆண்கள் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டா இப்படிச் சொல்கிறார்கள்?

குட்டி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டு, அப்பாவிடம் மட்டும் பேசினாள்.

"அப்பா, இவங்க மேல மிளகாய்ப்பொடி நெடி அடிக்குது."

அன்று கிராம்பு குளியலறையில் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். மறுநாளும் அப்படித்தான். மில்லில் இருந்து வந்ததும் முதல் வேலை அதுதான் என்றாகிவிட்டது. ஆனால் குழந்தை கூடத்தின் மறுகோடியில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். கேட்டதற்குத் தலையாட்டல். கொடுத்ததைச் சாப்பிடுவது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பெறாத பிள்ளையை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தவளுக்கு, அந்தப் பிள்ளை தன் நெடிக்குப் பயந்து மூச்சை அடக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

பீரோவில் துண்டுகளை அடுக்கும்போதுதான் அந்த பாட்டில் கையில் கிடைத்தது. சின்னது, கனமானது, மேலே ஒட்டியிருந்த தாள் தேய்ந்து எழுத்தே இல்லை. திறந்து முகர்ந்தாள். ரோஜா. அதுவும் மெல்லிய ரோஜா, பக்கத்து அறையில் யாரோ வைத்துவிட்டு மறந்த பூவைப் போல. அவளுக்குக் கண் கலங்கியது. தன்னுடைய சங்கடம் தெரிந்து, அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, இந்த மனிதர் வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

மில்லுக்குப் போகும்போது சென்ட் போடக் கூடாது. பொட்டலத்தில் ஏறிவிடும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சாயங்காலம் குளித்த பிறகு போட்டுக்கொண்டாள். வாசனை மெலிதாக இருந்ததால் தாராளமாகவே போட்டாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், மணிக்கட்டில், மிச்சத்தைக் கொண்டையில். போட்ட இடத்தில் சுருக்கென்று ஒரு சூடு ஏறியது. பிறகு அந்தச் சூடு தோலுக்கு அடியில் பரவி, யாரோ பின்னால் வெகு அருகில் நின்று மூச்சு விடுகிற மாதிரி வெதுவெதுப்பாகத் தங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பாவம், அந்த பாட்டிலில் ரோஜா இருந்தது அடியில்தான். அதற்கு மேலே கிராம்பும் பட்டையும் மிளகும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. ஒரு பெண் அறைக்குள் வருவதற்கு முன்பே வந்து, போன பிறகும் போகாமல் நிற்கிற வாசனை அது. இறந்துபோனவள் ஒருநாள்கூட அது இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இவளுக்கு மட்டும் தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை.

அன்று மெக்கானிக் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. அவள் பிடித்திருக்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள், கீழே ஏதோ மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதைவிட அதிசயம் ஒன்று நடந்தது. வெயில் இறங்கிய நேரம், திரை போட்ட அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குட்டி மெதுவாக வந்து, ஒன்றும் சொல்லாமல், அவள் மடியில் முகம் புதைத்துப் படுத்தாள். கிராம்பு அசையவே இல்லை. மடித்த துணி கையிலேயே இருந்தது. மறுநாளும் குழந்தை வந்தது. அதற்கடுத்த நாளும். கழுத்தைக் கட்டிக்கொண்டது, மணிக்கட்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டது. ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. வரும்போதும் கிடக்கும்போதும் எழுந்து போகும்போதும் குட்டி கண்ணைத் திறப்பதே இல்லை. கட்டிலைத் தடவி, கதவைத் தடவி, கண் தெரியாத பிள்ளை போல வந்துபோனாள். விளக்கைப் போட்டால் மறுபடி பழைய குட்டி. சுவரோரம், மௌனம்.

இதற்கிடையில் கட்டடத்தில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. காலையில் அவள் மில்லுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ புதுசு. சாயங்காலத்துல தனியா லிஃப்ட்ல போகாதே."

ஏன் என்று கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். போனவள் திரும்பி வந்திருக்கிறாளாம். பொழுது சாய்ந்தால் லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போகிறாளாம். கதவு திறந்தால் ஆள் இருக்காது, வாசனை மட்டும் நிற்கும். மூன்றாவது மாடி டைப்பிஸ்ட் அம்மா மயங்கி விழப் பார்த்தாளாம். இப்போது பாதிக் கட்டடம் படியேறித்தான் போகிறது.

"தன் எடத்துக்கு இன்னொருத்தி வந்துட்டாளேன்னு அவளுக்குப் பொறுக்கலை போல. உன்னைப் பார்க்கத்தான் வர்றா" என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்.

கிராம்பு திரும்பி லிஃப்டைப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க அவள் அந்த லிஃப்டில்தானே போய் வருகிறாள்? அன்று ஏறியதும் மூலையில் ஒடுங்கி நின்றாள். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். தன்னுடைய ரோஜாவைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தோரம் அந்த வெதுவெதுப்பு, நின்று மூச்சு விடுகிற வெதுவெதுப்பு, மெல்ல ஏறியது. அக்கா, நான் உன் பிள்ளையை நல்லாப் பார்த்துக்கறேன், என்னை ஒண்ணும் பண்ணாதே என்று காற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். பேயைக் கண்டு பயந்த பெண்கள் எத்தனையோ பேர். தானே அந்தப் பேய் என்று தெரியாமல் பயந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தத் திரை விலகியது குட்டியின் வாயால்.

வழக்கம்போல் மடியில் கிடந்தாள். கண் மூடியிருந்தது. அவளுடைய மணிக்கட்டு குழந்தையின் மூக்கின் மேல். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தபோது குட்டி கேட்டாள்.

"அம்மா, சித்தி எப்ப போவாங்க?"

கிராம்புக்கு முதலில் புரியவில்லை. அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் பூரித்துப்போனது. பின்னால் வந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது அந்தப் பூரிப்பு அப்படியே உறைந்தது.

"சித்தி... போகணுமா?" என்றாள், குரலே இல்லாமல்.

"நீதான் வந்துட்டேல்ல" என்றாள் குட்டி.

நிமிர்ந்தால் வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். கேட்டிருக்கிறார். குழந்தையை மெத்தையில் கிடத்திவிட்டு, பீரோவிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார். அவள் பாட்டிலை மேடையில் வைத்து, இது நீங்கள் எனக்கு வாங்கியதில்லையா என்று கேட்டாள்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது போனவளுடையது என்றார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மூடிய பெட்டிக்குள் இந்த வாசனையைத்தான் முதலில் சந்தித்தாராம். முகம் தெரியாது. யார் என்று தெரியாது. கிராம்பும் மிளகுமாக மூக்கில் ஏறி, கடைசியில் பூவாக இறங்குகிற வாசனை. வாரக்கணக்கில் எந்த மாடியில் அது இறங்குகிறது என்று தேடி, ஒருநாள் கதவு திறந்தபோது ஆளைக் கண்டுபிடித்தாராம்.

"நீ தெரிஞ்சுதான் போட்டுக்கறேன்னு நெனச்சேன். எங்க ரெண்டு பேருக்காகவும். வேண்டாம்னு சொல்லணும்னு தினமும் நெனைப்பேன். கதவைத் திறந்ததும் அவ வாசனை வரும். வாய் வராது."

"எனக்கு ரோஜாதான் தெரிஞ்சுதுங்க" என்றாள் அவள். "சத்தியமா ரோஜா மட்டும்தான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மில்லில் எல்லோருக்கும் மூக்கு போய்விடும் என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் கேட்டுக்கு வெளியே பாட்டில் கை மாறிக் கை மாறிப் போனது. ரோஜா என்றாள் ஒருத்தி. ரோஜாதான், கொஞ்சம் தண்ணி கலந்திருக்கான் என்றாள் இன்னொருத்தி. அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் மட்டும் முகத்தைச் சுளித்து, கிராம்பு வாசனை இப்படித் தூக்குது, உங்களுக்கு வரலையா என்று கேட்டாள். லேபிள் அக்கா பாட்டிலை வாங்கி மூடி, கிராம்பின் கையில் திணித்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையே உனக்குத் தெரியாமப் பண்ணிட்டானுங்களேடி."

அதற்குப் பிறகு அவள் அதைப் போடவில்லை. பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய அன்று சாயங்காலம் குட்டி கண்ணை மூடிக்கொண்டு வந்து, மடியருகே நின்று, முகர்ந்தாள். அப்படியே திரும்பிப் போனாள். சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் தட்டைத் தள்ளிவைத்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து பள்ளிவிட்டு வந்ததும் காணாமல்போக ஆரம்பித்தாள். தேடினால் லிஃப்டில் இருப்பாள். மேலே போவாள், கீழே வருவாள். மூலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி நிற்பாள். அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

கிராம்பு தனியாக உட்கார்ந்து அழுதாள். பூட்டைத் திறந்தால் பிள்ளை மடிக்கு வரும். ஆனால் வருவது இவளிடம் இல்லை. திறக்காவிட்டால் பிள்ளை பட்டினியாகவே கரைந்துவிடும். செத்தவளின் சட்டை மாதிரி காலமெல்லாம் இந்த வீட்டில் தொங்கிக்கொண்டிருப்பதா, இல்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதா? எந்தப் பக்கம் யோசித்தாலும் குழந்தை தனியாகத்தான் நின்றது.

ஒருநாள் மில்லில் இருந்து வந்தபோது கட்டடம் முழுவதும் மின்சாரம் இல்லை. வாட்ச்மேன் எதிரே ஓடி வந்தார். குட்டி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில். மெக்கானிக்குக்கு ஃபோன் போயிருந்தது, எங்கேயோ வேலையில் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார். படியேறும்போதே சத்தம் கேட்டது. இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து, அம்மா, அம்மா என்று.

வாட்ச்மேன் சாவி போட்டு ஐந்தாவது மாடியின் வெளிக்கதவைத் திறந்தார். பெட்டி தாழ்வாக நின்றது. அதன் மேல்பாதி மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. உள்கதவு ஒரு கை நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. உள்ளே கும்மிருட்டு. குழந்தையின் மூச்சு விக்கி விக்கி இழுத்தது. பயத்திலேயே போய்விடுமோ என்று வாட்ச்மேன் தலையில் கை வைத்தார்.

கிராம்பு வீட்டுக்குள் ஓடிப் பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த இடுக்கில் கையை நீட்டினால் போதும். அம்மா வந்துவிட்டாள் என்று பிள்ளை அடங்கிவிடும். ஒரு நொடி வேலை. மூடியைத் திருகிவிட்டாள். விரல் கழுத்தருகே போனது. அங்கேயே நின்றது.

திரும்ப ஓடி வந்து தரையில் குப்புறப் படுத்தாள்.

"குட்டி, நான் சித்தி. அம்மா இல்லை. சித்திதான் வந்திருக்கேன்."

உள்ளே அழுகை இன்னும் உரத்தது. நீ வேண்டாம், அம்மாவைக் கூப்பிடு என்று கதவை உதைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மாவை என்னால கூட்டிட்டு வர முடியாதுடா. இத்தனை நாளா வந்தது அம்மா இல்லை. நான்தான் தெரியாம அவங்க சென்ட்டைப் போட்டுக்கிட்டேன். லிஃப்ட்ல வந்ததும் நான்தான். இதோ, இது அவங்களோட பாட்டில். இனிமே இது உனக்கு. நீயே போட்டுக்க. கையை மேலே நீட்டு."

உதைப்பது நின்றது. பிறகு இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. அவள் பாட்டிலை அதற்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அழுகை தேம்பலாயிற்று. உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்ததைப் பார்த்துத்தான் ஊகித்தாள்.

"சித்தி." முதல் தடவையாக அவளிடமே சொன்ன சொல். "அங்கயே இருக்கீங்களா?"

"இங்கதான் படுத்திருக்கேன். என் மூக்குத் தரையில இடிக்குது, அவ்வளவு பக்கத்துல."

"அம்மா வரவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

பிறகு, போயிடாதீங்க என்று மட்டும் குரல் கேட்டது.

மெக்கானிக் வந்து நேராக மேலே மோட்டார் அறைக்கு ஓடினார். பிரேக்கை விடுவித்து, கையால் சக்கரத்தைச் சுற்றினார். பெட்டி அங்குலம் அங்குலமாக ஏறி ஐந்தாவது மாடிக்குச் சரியாக வந்தது. வாட்ச்மேன் கதவை இழுத்துத் திறந்தார், திறந்ததும் சுவரில் போய் மோதிக்கொண்டார். மெக்கானிக் படியிறங்கி ஓடி வந்தவர், கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மூடிய பெட்டிக்குள் பாட்டிலில் மிஞ்சியிருந்தது முழுதும் கொட்டியிருந்தது. வருடங்களுக்கு முன் அவர் தேடித் திரிந்த அதே வாசனை, அதே போல லிஃப்டிலிருந்து இறங்கியது. அவர் கால் முன்னே வரவில்லை. மகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராம்புக்கு அப்படி எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வியர்வையில் நனைந்து, முட்டி சிராய்த்து, காலி பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஏழு வயதுப் பெண். அவள் உள்ளே போய் மண்டியிட்டு, குழந்தையை அள்ளினாள்.

குட்டி கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

"உங்களுக்கு வாசனை வருதா சித்தி?"

"கொஞ்சம் ரோஜா வருது. சோப்பு வருது. அழுத பிள்ளை வாசனை வருது."

குட்டி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அப்பா இன்னும் படியில்தான் நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. உதடு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது மகளின் பெயர் இல்லை.

"அப்பா ஏன் இங்க வரமாட்டேங்கறாரு?"

கிராம்பு திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் ஈரத் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, வீட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

"வருவாரு. அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்டா."